ரிப்பன் கட்டிய வெடிமருந்து

திரையரங்கின் இருட்டில் நீங்கள் சிரிக்கும் சிரிப்பு உங்களுடையதுதானா? நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். யாருக்கு ஓட்டுப் போடுவது, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். எதைப் பார்த்துச் சிரிப்பது என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? நமக்காக யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து, காப்பி குடித்துக்கொண்டே அதை முடிவு செய்துவிடுகிறார்கள். எந்த நொடியில் நம் வாய் திறக்க வேண்டும் என்பதுவரை.

அர்டீலியா வோமாக்குக்கு அந்த அறை எங்கே இருக்கிறது என்று தெரியும். அவள் வேலை செய்த கொட்டகையிலிருந்து பார்த்தால், முற்றத்துக்கு அந்தப் பக்கம் அதன் ஜன்னல் தெரியும்.

லாஸ் ஏஞ்சலஸில், முப்பதுகளின் கடைசியில், ஒரு கார்ட்டூன் ஸ்டுடியோவில் அவள் தாள் கழுவினாள். ஓவியர்கள் காகிதத்தில் வரைந்ததை, பெரிய கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்கள் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாள்களில் மையால் படியெடுத்து, பின்பக்கம் சாயம் பூசுவார்கள். காமிராவின் கீழ் வைத்துப் படம் பிடித்துவிட்டால் அந்த ஓவியத்தின் ஆயுள் முடிந்தது. தாளுக்குத்தான் விலை, ஓவியத்துக்கு இல்லை. ஆகவே ஓவியத்தைக் கழுவிவிட்டுத் தாளை மறுபடி கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கூடத்தில் ஒரு கறுப்புப் பெண்ணைக்கூட உட்கார வைக்கவில்லை. கழுவும் கொட்டகையில் அர்டீலியாவை வைத்தார்கள். அங்கே வேறு யாரையும் வைக்கவில்லை.

வெந்நீர்த் தொட்டி, சோப்பு, பஞ்சு, காயப் போடும் சட்டங்கள். காலையில் ஒருவன் தாள் கட்டுகளை வாசலில் வைத்துவிட்டுப் போவான், சாயங்காலம் சுத்தமான தாள்களை எடுத்துக்கொண்டு போவான். இரண்டு வேளையும் தலையை மட்டும் அசைப்பான். மற்ற நேரமெல்லாம் அவளோடு இருந்தது ஒரு நரி.

அந்த ஸ்டுடியோவின் பெயர்போன நரி அது. ஒரு கிழட்டு ஆமையைப் பிடித்துத் தின்பதற்காகப் படத்துக்குப் படம் அலைந்து, படத்துக்குப் படம் தோற்பது. அர்டீலியாவிடம் அவன் முன்பின்னாகத்தான் வந்து சேர்வான். முதலில் பள்ளத்தில் கிடப்பான், பிறகு மலையுச்சியில் நிற்பான். அவனைத் தண்ணீரில் முக்கி, பஞ்சால் தேய்த்துக்கொண்டே, "எழுந்திருடா, உனக்கு என்ன கேடு? நாளைக்கு மறுபடி வரப்போறவன்தானே" என்பாள். ஒரு நாளில் அவள் வாய்விட்டுப் பேசியது அவ்வளவாகத்தான் இருக்கும்.

கழுவிக் கழுவி அந்த உலகத்தின் சட்டங்கள் அவளுக்குப் பழகிப்போயின. மலையுச்சியைத் தாண்டி வெறும் காற்றில் ஓடலாம், கீழே பார்க்காதவரை விழமாட்டாய். பார்த்தால்கூட உடனே விழமாட்டாய். ஒரு மூச்சு நேரம் எதிரே இருப்பவர்களைப் பரிதாபமாகப் பார்த்துக் கையசைத்துவிட்டுத்தான் விழ வேண்டும். பாறை விழுந்தால் அப்பமாகத் தட்டையாவாய், பிறகு ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டு எழுந்து நடப்பாய். நீ வைத்த குண்டு ஆமைக்கு வெடிக்காது. ஏன் வெடிக்கவில்லை என்று நீ குனிந்து பார்க்கும்போது வெடிக்கும். யாரும் சாவதில்லை.

அவளுடைய புருஷன் ஐசம், டெக்ஸாஸில் எண்ணெய்க் கிணற்றுச் சாரத்தின் உச்சியிலிருந்து விழுந்து செத்தவன். அவன் கீழே பார்க்கவே இல்லை என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். இருந்தும் விழுந்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் மேற்கே வந்தாள். சென்ட்ரல் அவென்யூவை ஒட்டிய தெருவில், வாடகைக்கு அறைகள் விடும் ஒரு வீட்டில் தங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பக்கத்தில் இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், அன்பைப் பற்றி வாய் வலிக்கப் பாடினார்கள். வாசலைத் தாண்டியதும் அவரவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போனார்கள். ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.

அந்த வீட்டுக்குத்தான் லூஷியஸ் டார்வர் குடிவந்தார். ரயில் நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளைத் தூக்கும் சிவப்புத் தொப்பிக்காரர். ஐம்பதைத் தொடும் வயது, கறாரான பேச்சு, கையில் எப்போதும் செய்தித்தாள். சமையலறையில் ஒரே அடுப்புக்கு இரண்டு பேரும் காத்திருந்த அன்றைக்குத்தான் முதல் பேச்சு.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க, மிஸ் அர்டீலியா?"

"நரியைக் குளிப்பாட்டறேன்."

அவர் செய்தித்தாளை மடித்தார். "கடிக்காதா?"

"பத்து வருஷமா ஒரு ஆமையைக் கடிக்க முடியலை. என்னையா கடிக்கப்போகுது?"

அதற்குப் பிறகு வாணலியில் மீன் ஒன்றாகவே பொரிந்தது. அவர் செய்தி படித்துச் சொல்வார், அவள் நரியின் கதை சொல்வாள். அறைக்குத் திரும்பும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். மனிதன் இருமுகிற சத்தத்துக்குக்கூட ஏங்கிக் கிடந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் நரியை நீங்க ஓடற படத்துல பார்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் சினிமாவுக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஏன் என்று அவள் கேட்டதில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், அவளுக்காக, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

சென்ட்ரல் அவென்யூ சினிமாக் கொட்டகை. உள்ளே எல்லாம் நம் ஆட்கள்தான் என்று அவள் பெருமையோடு சொல்லுமளவுக்குக் கறுப்பு மக்களால் நிரம்பிய இடம். பெரிய படத்துக்கு முன்னால் நரி வந்தான். ஓடினான், விழுந்தான், தட்டையானான். "அதோ, அந்தத் தாளைப் போன மாசம் நான்தான் கழுவினேன்" என்று அவள் காதோரம் சொல்ல, லூஷியஸ்கூட ஒருமுறை மூக்கால் சிரித்தார்.

பிறகு குண்டு. திரி அணைந்தது. நரி குனிந்து பார்த்தான். வெடித்தது. புகை மெல்ல விலக, கண்ணை மட்டும் சிமிட்டிக்கொண்டு நரி நின்றான். முகம் கன்னங்கரேல். உதடு பூரிபோல உப்பி வெளுத்திருந்தது. தலைமுடி குச்சி குச்சியாக நின்று, ஒவ்வொரு குச்சியிலும் ஒரு ரிப்பன் முடிச்சு. பருத்திக் காட்டுக் கறுப்புக் கூலிகள் பேசுவதாக ஸ்டுடியோக்காரர்கள் கற்பனை செய்த இழுவைப் பேச்சில் ஏதோ சொன்னான்.

அர்டீலியா சிரித்துவிட்டாள்.

அரங்கத்திலேயே முதல் சிரிப்பு அவளுடையது. புகை விலகி முகம் தெரிவதற்குள் வைத்த அந்த ஒரு மூச்சு மௌனம் அவள் வாயைத் திறந்துவிட்டது. ஸ்டுடியோவின் கழுவும் கொட்டகையில் அந்தத் தாள்களை எத்தனையோ முறை கழுவியிருக்கிறாள். நனைந்த தாளில், முன்னும் பின்னும் இல்லாமல் பார்த்தபோது அது சாயம். சீக்கிரம் போகாத சாயம், அவ்வளவுதான். அது என்ன என்று அங்கே அவள் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அது ஓடியது. அவள் சிரித்தாள். அங்கங்கே சிலர் சிரித்தார்கள், பலர் சும்மா இருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் லூஷியஸ் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

பெரிய படத்துக்கு அவர்கள் இருக்கவில்லை. நடைபாதையில் வெகுதூரம் வந்து, மருந்துக்கடை முனையில் அவர் நின்றார்.

"ஸ்டேஷன்ல நானும் சிரிக்கறேன், மிஸ் அர்டீலியா. பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி பல்லைக் காட்டணும், தூக்கினதுக்கு அப்புறமும் காட்டணும். அது பிழைப்பு. நீங்க இப்ப சிரிச்சது எதுக்கு?"

"வந்துடுச்சு. நான் நினைக்கறதுக்குள்ள வந்துடுச்சு."

"அந்த முகம் யாரு முகம்?"

அவள் கடைக் கண்ணாடியின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க அம்மா முகம்" என்றார் லூஷியஸ். "ரிப்பன்கூட அவ கட்டினதுதான், என் தங்கச்சிக்கு. அதை அவங்க நிறுத்தற அன்னைக்குக் கூப்பிடுங்க. வர்றேன்."

அன்று அடுப்பில் அவர் முதலில் சமைத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டார். மறுநாளும் அப்படியே. மரியாதைக்குக் குறைவில்லை, மேஜையில்தான் ஆள் இல்லை. பழைய தனிமைக்கு அவள் பழகியிருந்தாள். ஒரு மனிதரோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகியபின் வருகிற தனிமை அவளுக்குப் புதிது. 

ஆகவே, 'இன்னைக்கு அவங்ககிட்ட சொல்றேன்' என்று காலையில் லூஷியஸிடம் சொல்லிவிட்டு வந்து, முற்றத்தைக் கடந்து, சிரிப்பை முடிவு செய்யும் அந்த அறைக்குப் போனாள்.

ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படம் தொடங்கும்போது கதைக்காரர்கள் எல்லாரும் கூடி ஜோக்குகளைக் கொட்டுவார்கள். அந்த முதல் ஒரு மணி நேரம் யாரும் 'இல்லை', 'வேண்டாம்', 'கூடாது' என்று சொல்லக் கூடாது. எவ்வளவு மட்டமான யோசனையானாலும் அதன்மேல் இன்னொன்றை அடுக்க வேண்டுமே தவிர, வெட்டக் கூடாது. தப்பித் தவறி மறுத்தவன் எல்லாருக்கும் காப்பி கொண்டுவர வேண்டும். 'ஸ்டுடியோவில் வேலை செய்யும் எவரும் வரலாம்' என்று கதவில் எழுதியிருந்தது. எல்லாரும் கூடியிருப்பது அந்த ஒரு மணி நேரம்தான், காது கொடுத்துக் கேட்பதும் அப்போதுதான் என்று நினைத்து அவள் போனாள். மறுப்பதற்கென்று போனவள், மறுப்பே செல்லாத ஒரே வேளையைத் தேர்ந்தெடுத்தாள்.

கதைப் பிரிவின் தலைவர் ஹாலிஸ் பர்விஸ். கெட்ட மனிதர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அவளுக்கும் பன்றித் தொடைக்கறி அனுப்பியவர். கெட்டவர்கள் மட்டும்தான் அநியாயம் செய்வார்கள் என்றால் உலகத்தைத் திருத்துவது எவ்வளவு சுலபமாக இருக்கும்!

"அடடே, யாரு வந்திருக்கான்னு பாருங்கப்பா! நம்ம அர்டீலியா! ஜோக் கொண்டு வந்திருக்கியா?"

"ஜோக் இல்லீங்க, மிஸ்டர் பர்விஸ்—"

"காப்பி! காப்பி!" என்று மேஜையைத் தட்டினார்கள் எல்லாரும்.

பர்விஸ் கையை உயர்த்தினார். "பாவம், அவளுக்குத் தெரியாதுப்பா. இந்த ரூம்ல இப்ப 'இல்லை' கிடையாதும்மா."

"கிடையாதுன்னு சொன்னியே, நீயும் காப்பி வாங்கு!" என்றான் ஒருவன். ஒரே கூச்சல்.

அவள் இவர்களைவிட மூத்தவள். ஆனாலும் அவர்களுக்கு அவள் வெறும் அர்டீலியா, அவளுக்கு அவர்கள் எல்லாரும் மிஸ்டர். கூச்சல் அடங்கும்வரை கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கேள்வி கேட்கலாமா?"

"கேளு, கேளு. கேள்வி செல்லும்."

"பாறை விழுந்தா நரி தட்டையாவறான். பாறை கனம், அதனால தட்டையாவறான். சரி. குண்டு வெடிச்சா கரியாவறான். புகை படியும், அதுவும் சரி. உதடு எதுக்குங்க வீங்குது?"

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"முடி குச்சி குச்சியா நிக்குது. அதிர்ச்சின்னு வச்சுக்குவோம். அந்த ரிப்பனை யாருங்க கட்டறது? வெடிமருந்தா?"

நேர்மையான கேள்வி. ஒரு நிமிடம் அறை அசையாமல் இருந்தது. ஒருவன் காதுமடல் சிவக்கக் குனிந்துகொண்டதை அவள் பார்த்தாள். அந்த ஒரு நிமிடம் நீடித்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. மூலையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"வெடிமருந்து ரிப்பன் கட்டுது!" பர்விஸ் துள்ளி எழுந்து கரித்துண்டை எடுத்தார். "புகை. புகைக்குள்ள இருந்து ரெண்டு கை நீளுது. வெள்ளைக் கையுறை! நரி தலையில நிதானமா ரிப்பன் கட்டுது!"

"சீப்பு எடுத்து வாரட்டும்!"

"வாரி முடிச்சு கண்ணாடி காட்டட்டும்!"

"உங்களைச் சிரிக்க வைக்கறதுக்காகக் கேட்கலைங்க" என்றாள் அர்டீலியா.

"காப்பி! மறுபடியும் காப்பி!"

பர்விஸ் அவள் தோளைத் தட்டினார். அவர் கண்ணில் உண்மையான சந்தோஷம். "உனக்குள்ள இவ்வளவு இருக்குன்னு தெரியாமப் போச்சே! இந்தா, டோனட் எடுத்துக்கோ."

அவள் எதிர்ப்பைச் சொல்லப் போனாள், அவர்களுக்கு அது சரக்காகிவிட்டது. ஆளும் கூட்டத்துக்கு இந்த வித்தை கைவந்தது. உன் வாயை அடைக்க அவர்கள் சிரமப்படுவதில்லை. கைதட்டி, 'பிரமாதம்' என்று சொல்லி, உன் சொல்லை உன்னிடமிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள். அன்று அவள் தட்டு நிறையக் கோப்பைகளை ஏந்தி முற்றத்தைக் கடந்து, அத்தனை பேருக்கும் காப்பி கொடுத்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினாள். சட்டம் சட்டம்தானே.

"சொன்னீங்களா?" என்று அன்று இரவு சமையலறையில் கேட்டார் லூஷியஸ்.

"சொன்னேன்."

"கேட்டாங்களா?"

"நல்லாவே கேட்டாங்க."

அவர் நாற்காலியை இழுத்து மேஜையில் உட்கார்ந்தார். நிறுத்திவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார், அவள் அதைத் திருத்தவில்லை. அந்த மேஜையில் மறுபடி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நல்ல நாட்களாகத்தான் அவை கழிந்தன. மீன் பொரிந்தது. "பெரிய காரியம் பண்ணிட்டீங்க" என்று ஸ்டேஷன் ஆட்களிடமெல்லாம் அவர் சொல்லி வைத்தார். அவள் சிரித்துக்கொண்டு ரொட்டியைப் பிட்டுவைப்பாள். வீடு நிறைய ஆள் இருந்தும், உண்மையைச் சொல்ல ஓர் ஆளில்லாத வீடாக அது ஆகிவிட்டது. பின்பனிக்காலத்தில் அந்தத் தாள்கள் கழுவும் கொட்டகைக்கு வந்தன. புகை, இரண்டு வெள்ளைக் கையுறைகள், சீப்பு, ரிப்பன், கண்ணாடி. படம் பிடித்து முடித்தவை. அவள் தேய்த்துக் கழுவினாள். கழுவுவதால் என்ன பயன்? சினிமாக் கொட்டகைகளுக்குப் போகும் சுருளில் அவை பத்திரமாக இருந்தன.

படம் வந்தபோது லூஷியஸ் தேய்த்த சட்டையோடு வாசலில் நின்றார். "கிளம்பலாமா? நீங்க சொன்னதுக்கு அப்புறம் வர்ற முதல் படம்."

அப்போதுதான் சொன்னாள். கையுறை, சீப்பு, காப்பி, டோனட், எல்லாம். அவர் சட்டைக் கைகளை மெதுவாக மடித்துவிட்டுக்கொண்டே கேட்டார்.

"உங்க வாயில இருந்தே பிடுங்கிக்கிட்டாங்க. என்கிட்டயும் மறைச்சுட்டீங்க."

"மறைச்சேன். மறுபடி தனியா சாப்பிட என்னால முடியலை."  பிறகு, "நீங்க இத்தனை வருஷமா படத்துக்குப் போகலை. ஏன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா, மிஸ்டர் டார்வர்?" என்றாள்.

"எதுக்குச் சொல்லணும்? போகலை. அவ்வளவுதான்."

"இப்ப வாங்க. கொட்டகைக்காரர்கிட்ட சொல்லுவோம். ரெண்டு பேரா."

 "வாரம் பூரா ஸ்டேஷன்ல பல்லைக் காட்டிட்டு வர்றேன், மிஸ் அர்டீலியா. சனிக்கிழமையும் போய் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. மன்னிச்சுக்கங்க."

அவள் தனியாகப் போனாள். கொட்டகை மேலாளர் பெட்டிஃபோர்ட், நல்ல கோட்டுப் போட்ட கறுப்பு மனிதர். முதலாளி வேறு எங்கோ இருக்கும் வெள்ளைக்காரர். முன்கூடத்தில் நின்றபடியே அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு மட்டும் பிடிக்குதா, மேடம்? பெட்டியில வர்றதை ஓட்டறேன். இதைப் பத்தி வந்து சொன்னவங்க இத்தனை வருஷத்துல நீங்க ஒருத்தர்தான்."

"பிடிக்காம வராமலே நின்னுட்டவங்க எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

"வராதவங்க ஏன் வரலைன்னு எனக்கு எப்படித் தெரியும்? மழையா, காய்ச்சலா, கையில காசில்லையா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் ஒரு ஆள் வந்து சொல்லட்டும். 'ஜனங்க சொல்றாங்க'ன்னு முதலாளிகிட்ட நான் வாயைத் திறக்கலாம். ஒருத்தரை வச்சுக்கிட்டுத் திறந்தா, 'யாரோ ஒரு பைத்தியக்காரி'ம்பான்."

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்த வாரமும். "இன்னைக்கும் நீங்க மட்டும்தானா?" என்று கேட்டுவிட்டு, உட்கார ஒரு நாற்காலி எடுத்துப் போடச் சொல்வார் பெட்டிஃபோர்ட். மூடிய கதவுக்குப் பின்னால் வெடிச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஒரு மூச்சு மௌனம். பிறகு உள்ளே சிரிப்பார்கள். எல்லாரும் அல்ல. சிரிக்காதவர்களின் சத்தம் கதவைத் தாண்டி வருவதில்லை. படம் முடிந்து அவர்கள் தலையைக் குனிந்தபடி அவள் நாற்காலியைக் கடந்து வீட்டுக்குப் போவார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள்.

அவளுக்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் ஆள். பெரிய வீரனோ தியாகியோ அல்ல, இரண்டாவதாக வந்து நிற்க ஓர் ஆள். கடைசிவரை அந்த ஆள் வரவில்லை.

உங்கள் ஊரில், திரையரங்கிலோ பள்ளி ஆண்டுவிழாவிலோ கல்யாண மண்டபத்து மேடையிலோ, ஒருவருடைய கறுப்பு நிறத்தையோ, திக்குகிற நாக்கையோ, பிறந்த தெருவையோ காட்டி உங்களைச் சிரிக்கச் சொல்வார்கள். சிரிக்காமல் இருந்தேன் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எழுந்திருங்கள். இதை நடத்துகிறவர் யார் என்று விசாரித்து, அவர் எதிரே போய் நின்று, இது தப்பு என்று சொல்லுங்கள். அங்கே உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால், அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.